பீகானேரிலிருந்து பொட்டலம் வரை

இந்திய நாட்டின் எப்பகுதிக்குச் சென்றாலும் கடைத்தெருவில் ஒரு பண்டம் நம் கண்ணில் படாமல் இருப்பதில்லை. கடலைமாவில் பிழிந்த சேவு, பொரித்த பருப்பு, நிலக்கடலை, அவல், கறிவேப்பிலை முதலியவை உப்போடும் உறைப்போடும் சேர்ந்த கலவை அது. தமிழகத்தில் அதனை மிக்ஸ்சர் என்கிறோம். வடபுலத்தார் நம்கீன் என்பர். மராட்டியர் சிவ்டா என்பர். வங்காளியர் சனாச்சூர் என்பர். பெயரிலும் கலக்கும் விகிதத்திலும் வேற்றுமை உண்டெனினும், இனம் ஒன்றே. தாயகத்தை விட்டு வந்து தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் மாலைக் காப்பியோடு இக்கலவை நாள்தோறும் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் நம் அடுப்பில் வெந்ததன்று. பளபளக்கும் பொட்டலத்தில் அடைபட்டு வந்ததாகும்.

இப்பொட்டலத்தில் நம் உடலுக்கு ஏற்றது எவ்வளவு, ஏலாதது எவ்வளவு என்ற கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது. வீட்டில் ஒருவருக்கேனும் இரத்தக் கொதிப்போ நீரிழிவோ இருக்கும் காலம் இது. ஆகவே கேள்வி வெறும் ஆராய்ச்சிக்கு உரியதன்று. விடை காண முற்படுமுன், இப்பண்டம் வீட்டு அடுப்பை விட்டு ஆலைக்குச் சென்ற கதையையும், வழியில் அதனைக் காவல் செய்தவர் யார் என்பதையும் அறிந்துகொள்ளுதல் நலம்.

முதலில் கலவையையே பார்ப்போம். இதில் நாம் தொன்மையானது என்று எண்ணும் பொருள்கள் பல அண்மையில் வந்தவை. மிளகாய், நிலக்கடலை, முந்திரி, உருளைக்கிழங்கு ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 16-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் போர்ச்சுகீசியர் முதலான ஐரோப்பியர் வழியாக இங்கு வந்து சேர்ந்தவை. பெருங்காயமோ ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வருவது. அவலும் மிளகும் பயறும் நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கியவை. பல தேசத்துப் பொருள்கள் ஒரு வாணலியில் கூடிய பிறகே நாம் அறிந்த காரவகை உருப்பெற்றது.

இவ்வினத்துள் பெரும் புகழ் பெற்றது பீகானேர்ப் புஜியா. இராசபுதனத்துப் பாலைநிலத்தில், 1488-ஆம் ஆண்டில் ராவ் பீகா என்பவரால் நிறுவப்பட்டது பீகானேர் நகரம். மழை அரிதாகிய அந்த மணற்காட்டில் 'மோட்' என்னும் சிறு பயறு மட்டும் தயங்காது விளையும். அப்பயற்று மாவோடு கடலைமாவும் மசாலாவும் சேர்த்து மெல்லிய இழைகளாகப் பிழிந்து பொரிப்பதே புஜியா. மன்னர் தூங்கர் சிங்கின் ஆட்சியில், 1877-ஆம் ஆண்டில் இது முதன்முதலாகச் செய்யப்பட்டது என்பது அவ்வூர் வழக்கு. பாலையின் வறண்ட காற்று பண்டத்தின் மொறுமொறுப்பைப் பல நாள் காத்தது. வாணிபத்தின் பொருட்டுக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் புறப்பட்ட மார்வாரிகள் சுவையையும் செய்முறையையும் தங்களோடு எடுத்துச் சென்றனர். ஊரை விட்டு வந்தவர் ஊரின் சுவையை விடாது பற்றியதன் பயனாகவே புஜியா நாடு முழுவதும் பரவிற்று. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தகர டப்பா நிறைய முறுக்கோடு வடக்கே வந்திறங்கிய நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று. பீகானேர்ப் புஜியா 2010-ஆம் ஆண்டிலும், மணப்பாறை முறுக்கு 2023-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன.

பொரித்த பண்டம் நெடுநாள் கெடாதிருப்பதற்குக் காரணம் எளியது. கொதிக்கும் எண்ணெய் மாவிலுள்ள நீரை வெளியேற்றுகிறது. நீரின்றிக் கிருமிகள் பெருகுவதில்லை. ஆயினும் வெளியேறிய நீரின் இடத்தில் எண்ணெய் புகுந்துகொள்கிறது. எனவே பண்டத்தைக் காப்பாற்றும் அந்த வினையே அதனைக் கொழுப்பு மிகுந்ததாகவும் ஆக்குகிறது. இதற்கு மேல், காற்றும் வெளிச்சமும் பட்டால் எண்ணெய் காறிப்போய்ச் சிக்கு வாடை வீசும். பிற்காலத்தில் இத்தொழிலில் நேர்ந்த மாற்றங்கள் பலவும் இந்தக் காறலை வெல்ல மனிதன் செய்த முயற்சிகளே.

வீட்டில் பலகாரம் செய்த காலத்தில் காவல் ஒரு சிக்கலாகவே இருந்ததில்லை. மாவு அரைத்தவரும், எண்ணெய் வாங்கியவரும், பொரித்தவரும், உண்டவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். எண்ணெய் கறுத்தால் கண் சொல்லிற்று. காறினால் மூக்குச் சொல்லிற்று. மேலும் தீபாவளி, கோகுலாஷ்டமி, திருமணம் என்று நாள் பார்த்தே வாணலி ஏறிற்று. பொரிக்கும் கையும் உண்ணும் வாயும் பிரிந்த பிறகுதான் நம்பிக்கைக்குச் சட்டத்தின் துணை தேவையாயிற்று.

அப்பிரிவின் விளைவை நாட்டிற்கு முதலில் உரக்கச் சொன்ன நிகழ்ச்சிகளுள் ஒன்று 1917-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நேர்ந்தது. கடைகளில் விற்ற நெய்யில் விலங்குக் கொழுப்புக் கலந்திருப்பது வெளியாகி, நகரமே கொந்தளித்தது. அறியாது உண்ட குற்றத்திற்குக் கழுவாயாக ஆயிரக்கணக்கான அந்தணர்கள் ஹூக்ளி நதிக்கரையில் கூடிச் சடங்கு செய்தனர். அவ்வாண்டிலேயே அங்கு நெய்க் கலப்படத்தைத் தடுக்கச் சட்டம் வந்தது. சென்னை மாகாணமும் 1918-இல் கலப்படத் தடுப்புச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. குற்றம் வெளிப்படுதல், மக்கள் பதறுதல், பின்னர்ச் சட்டம் வருதல் என்னும் இவ்வரிசை நம் உணவு வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது.

இனி 1937-ஆம் ஆண்டுக்கு வருவோம். காரவகையின் வரலாற்றில் அவ்வாண்டு குறித்துவைக்கத்தக்கது. ஒன்றையொன்று அறியாத மூன்று தொடக்கங்கள் அப்போது நிகழ்ந்தன. பீகானேரில் ஹல்திராம் என்று அழைக்கப்பட்ட கங்கா பிஷன் அகர்வால் தம் புஜியாக் கடையைத் தொடங்கினார். பிற்காலத்தில் நாடெங்கும் பொட்டலங்களாகப் பரவிய பெயர் அது. அதே ஆண்டில் 'டால்டா' என்னும் வனஸ்பதி விற்பனைக்கு வந்தது. மூன்றாவது தொடக்கம் நம் நீலகிரியில் நிகழ்ந்தது. குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநர் ஏக்ராய்டு, இந்திய உணவுப்பொருள்களில் புரதம், கொழுப்பு, மாச்சத்து முதலியன எவ்வளவு என்று கணக்கிட்டு அட்டவணையாக வெளியிட்டார். ஒன்று பண்டம், மற்றொன்று அதைப் பொரிக்கும் கொழுப்பு, பிறிதொன்று இரண்டையும் அளந்து காட்டும் கணக்கு. இன்று நம் கையிலுள்ள பொட்டலத்தில் இம்மூன்றின் வழித்தோன்றல்களும் ஒன்றுகூடியிருக்கின்றன.

வனஸ்பதி என்பது யாது? தாவர எண்ணெயில் நிக்கல் உலோகத்தைத் துணையாகக் கொண்டு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால், நீராக ஓடும் எண்ணெய் நெய்போல் உறைகிறது. விலை குறைவு, எளிதில் காறாது, பொரித்த பண்டம் மேலே பிசுபிசுப்பதும் இல்லை. வணிகர்க்கு இதனினும் வேண்டுவது யாது? காந்தியடிகள் இதனைக் கண்டித்து எழுதினார். அடியோடு தடை செய்ய வேண்டுமென்று கேட்டோர் பலர். தடை வரவில்லை, கட்டுப்பாடு மட்டும் வந்தது. 1947-ஆம் ஆண்டின் ஆணையொன்று இத்தொழிலை அரசாங்கத்தின் கண்காணிப்பில் வைத்தது. வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்னும் விதி மிகவும் நயமானது. நெய்யில் யாரேனும் வனஸ்பதியைக் கலந்தால், இரசாயனச் சோதனையில் அந்த நல்லெண்ணெய் செந்நிறம் காட்டிக் கள்ளத்தை வெளிப்படுத்திவிடும். ஆயினும் அந்த விதி காத்தது நெய்யின் தூய்மையைத்தான். வனஸ்பதியை உண்டவரின் இதயத்தை அன்று. அக்கேள்வி எழுவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

சுதந்திர இந்தியா 1954-இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தை இயற்றிற்று. 1955-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. மாகாணத்திற்கு ஒன்றாக இருந்த சட்டங்களின் இடத்தில் நாடு முழுமைக்கும் ஒரே அளவுகோல் கிடைத்தது. காரவகைகளைப் பொறுத்தவரை அதன் பணி பெரிது. கடலைமாவில் மலிவான கேசரிப் பருப்பு மாவைக் கலத்தல் ஒரு தீய வழக்கம். அப்பருப்பை முக்கிய உணவாகப் பல மாதங்கள் உண்ட மத்திய இந்திய ஏழை மக்களில் பலர் கால்கள் முடங்கி நடை இழந்தனர். 1961-இல் அதன் விற்பனையைத் தடுக்கும் விதி சேர்க்கப்பட்டது. மற்றொரு தீமை 'மெட்டானில் மஞ்சள்' என்னும் சாயம். துணிக்கும் தோலுக்கும் உரிய அச்சாயத்தைச் சேவிலும் இலட்டிலும் கலந்து பொன்னிறம் காட்டினர். உணவில் அதற்கு இடமில்லை என்பது சட்டம்.

எண்ணெயின் கலப்படமோ உயிரையே குடிக்க வல்லது. 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தில்லியில், பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உட்கொண்டோர் கால்கள் வீங்கி, மூச்சுத் திணறி மருத்துவமனைகளை நிரப்பினர். அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின் அடைக்கப்படாத எண்ணெயைச் சில்லறையாக விற்பதன் மீது கட்டுப்பாடு இறுகிற்று. முத்திரையிட்ட பொட்டலமே பாதுகாப்பு என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிற்று.

இந்த எண்ணம் பெருமளவு உண்மையே. பல அடுக்குத் தாளில், ஒளி புகாமல், பிராணவாயுவை நீக்கி நைட்ரஜன் நிரப்பி மூடப்பட்ட பொட்டலத்தில் பண்டம் எளிதில் காறுவதில்லை. தயாரித்த நாள், காலக்கெடு, 14 இலக்க உரிம எண் ஆகியவை அதன்மேல் இருக்கின்றன. குற்றம் நேர்ந்தால் கேட்பதற்கு ஆள் உண்டு. செய்தித்தாளில் மடித்துத் தரும் காரத்திலோ அச்சுமை ஒட்டும். உணவைச் செய்தித்தாளில் பொதிவதை 2018-ஆம் ஆண்டின் விதிகள் விலக்கியுள்ளன. அடுத்தடுத்துப் பொரித்துக் கெட்ட எண்ணெய்க்கும் அவ்வாண்டு ஜூலை முதல் ஓர் எல்லை வகுக்கப்பட்டது: துருவச் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருள்கள் நூற்றுக்கு 25-ஐத் தாண்டிய எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தலாகாது.

ஆயினும் பொட்டலம் ஒரு வேலியைத் தாண்டவைத்தது; பண்டிகை என்னும் வேலி அது. ஆண்டில் சில நாள் உண்டதை அன்றாடம் உண்ணும் வசதி பிறந்தது. 1994-ஆம் ஆண்டு முதல் பாமாயில் இறக்குமதி தாராளமாயிற்று. மலிவும் காறாத்தன்மையும் உடைய அந்த எண்ணெய் காரவகைத் தொழிலில் பெரிதும் புகுந்தது. பாமாயிலின் கொழுப்பில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. அது மிகுந்தால் இரத்தத்தில் தீய கொலஸ்டிரால் உயரும்.

இதற்கிடையில் வனஸ்பதியின் கணக்கும் தீர்க்கப்பட்டது. 1990-இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் இருவர், எண்ணெயை உறையவைக்கும்போது தோன்றும் டிரான்ஸ் கொழுப்பு தீய கொலஸ்டிராலை உயர்த்துவதோடு நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கவும் செய்கிறது என்று காட்டினர். 2003-இல் டென்மார்க் அதற்கு நூற்றுக்கு 2 என்று எல்லை கட்டிற்று. நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தை ஏற்றது. அதன் கீழ் அமைந்த ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பை 2011-இல் 10 விழுக்காடு, பின்னர் 5, 2021-இல் 3, 2022 ஜனவரி முதல் 2 என்று படிப்படியாகக் குறைத்தது. இது போற்றத்தக்க வெற்றி. 1937-இல் எழுந்த வினாவுக்கு விடை கிடைக்க 85 ஆண்டுகள் ஆயின என்பதையும் மறத்தலாகாது.

இப்போது எஞ்சி நிற்பவை கலப்படமல்லாத பொருள்களே: உப்பும் எண்ணெயும். இவற்றைக் கண்டுபிடிக்க இரசாயனச் சோதனை வேண்டா; பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டே இருக்கின்றன. குன்னூர்க் கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. ஏக்ராய்டின் அட்டவணையைச் சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலனும் அவருடைய துணைவர்களும் 1971-இல் விரிவாக்கினர். 'இத்தனை கிராம் கொழுப்பு' என்று பொட்டலத்தில் நாம் காணும் வரி அந்தக் கணக்குமுறையின் பிள்ளை எனலாம்.

அவ்வரியைப் படிக்கும் முறை கடினமன்று. 2020-ஆம் ஆண்டின் முகப்புச்சீட்டு விதிகள் ஒருவருக்கு ஒரு நாளைய அளவுகோலாகக் கொண்டவை இவை: ஆற்றல் 2000 கலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், டிரான்ஸ் கொழுப்பு 2 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம். சோடியம் 2000 மில்லிகிராம் என்பது 5 கிராம் உப்பு. ஒரு தேக்கரண்டி என்று கொள்ளலாம். இனி ஒரு பொட்டலத்தில் 100 கிராமுக்குக் கொழுப்பு 40 கிராம், சோடியம் 800 மில்லிகிராம் என்று இருப்பதாகக் கொள்வோம். 200 கிராம் பொட்டலத்தை நால்வர் பகிர்ந்தால் ஒருவர் பங்கு 50 கிராம். அதிலேயே ஒரு நாளைய கொழுப்பில் 30 விழுக்காடும், சோடியத்தில் 20 விழுக்காடும் அடங்கிவிடுகின்றன. இதற்கு மேல் சாம்பாரும் ஊறுகாயும் அப்பளமும் இருக்கின்றன. பொட்டலத்தில் 'ஒரு பரிமாறல் 30 கிராம்' என்று சிறிய அளவு கூறப்பட்டிருக்கலாம்; பேச்சின் நடுவே பிடி பிடியாக உண்போர் யாரும் 30 கிராமில் நிறுத்துவதில்லை.

இக்கணக்கை இலேசாகக் கருதும் நிலையில் நாடு இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-இல் வெளியான பேராய்வு, நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இரத்தக் கொதிப்பும், 11 பேருக்கு மேல் நீரிழிவும் உடையவர் என்று கூறிற்று. இரத்தக் கொதிப்புக்கும் உப்புக்கும் உள்ள தொடர்பு உலகறிந்தது. வீட்டுச் சமையலில் உப்பைக் குறைத்துக்கொண்ட முதியவர், மாலையில் காரத்தின் வழியாக அதே உப்பைத் திரும்பப் பெறுவாராயின் அவருடைய கட்டுப்பாடு வீணே.

வெளிமாநிலத் தமிழர்க்கு இங்கே ஒரு தனி இடர்ப்பாடும் உண்டு. பொட்டலத்து விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருத்தல் வேண்டும் என்பது விதி. பிற மொழிகளைச் சேர்க்கத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் தாயார்க்கு அவ்விரு எழுத்துகளும் தெரியாதிருக்கலாம். இரத்தக் கொதிப்பு அவருக்கு. படிக்கத் தெரிந்த கண் மற்றவருக்கு. அரசாங்க விதிகளை நாள்தோறும் தமிழாக்கும் தொழிலில் இருக்கும் நாம் அறிந்தது ஒன்று: எவ்வளவு நல்ல விதியும் படிப்பார் வாயிலாகவே உயிர் பெறுகிறது. ஆகவே வீட்டில் படிக்கத் தெரிந்தவர், பள்ளிச் சிறுவரேயாயினும், வாங்கிய பொட்டலத்தை உரக்கப் படித்துச் சொல்வது நல்ல வழக்கம்.

படிக்கும்போது மனத்திற் கொள்ளத்தக்கவை சில. சேர்மானப் பட்டியலில் எடை மிகுந்த பொருள் முன்னும் குறைந்தது பின்னுமாக வரும். எண்ணெய் இரண்டாவது இடத்தில் நின்றால், பண்டத்தில் மாவுக்கு அடுத்தபடி மிகுந்தது அதுவே என்று அறியலாம். 'கொலஸ்டிரால் இல்லை' என்னும் விளம்பரம் கண்டு மகிழவேண்டா. எந்தத் தாவர எண்ணெயிலும் அது பொருட்படுத்தத் தக்க அளவில் இருப்பதில்லை. 'டிரான்ஸ் கொழுப்பு 0' என்றால் நிறைவுற்ற கொழுப்பும் குறைவு என்பது பொருளன்று. பெயரைக் காட்டிலும் எண்களையே நம்புதல் வேண்டும். அவல், பருப்பு, நிலக்கடலை, கொண்டைக்கடலை ஆகியவை தம்மளவில் சத்துடைய உணவுகள். அவற்றை எண்ணெயின்றி வறுத்துச் சிறிது மிளகுத்தூள் தூவினால் அதே மொறுமொறுப்பில் பாதியளவேனும் கிட்டும்.

பொட்டலத்தின் முகப்பிலேயே நட்சத்திரக் குறியிட்டு நன்மை தீமையைக் காட்டலாம் என்று 2022-இல் ஆணையம் ஒரு வரைவு வெளியிட்டது; நட்சத்திரம் போதாது, உப்பும் கொழுப்பும் மிகுதி என்று வெளிப்படையாக எச்சரித்தலே தகும் என்றனர் மருத்துவரும் நுகர்வோர் அமைப்பினரும். 2025-இல் உச்சநீதிமன்றமும் இதில் கருத்துச் செலுத்திற்று. விவாதம் நன்றே. எனினும் நாம் கண்ட வரலாறு கூறுவது ஒன்று. நெய்க்கும் பருப்புக்கும் கடுகெண்ணெய்க்கும் வனஸ்பதிக்கும் சட்டம் வந்தது உண்மை. ஒவ்வொரு முறையும் தீங்கு நேர்ந்த பிறகே வந்தது என்பதும் உண்மை. உப்பின் தீங்கோ கல்கத்தா நெய்போல் ஒரே நாளில் வெளிப்படுவதன்று. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிச் சேர்வது. அதற்கான காவலை முற்றிலும் சட்டத்திடம் விட்டுவிட்டு நாம் காத்திருத்தல் இயலாது.

காரத்தைக் கைவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. பயணத்திற்கும் விருந்துக்கும் பண்டிகைக்கும் உரிய நல்ல துணை அது. நாள்தோறும் உண்ணத் தொடங்கியபோது நாம் இழந்தது நம் பழைய கண்ணையும் மூக்கையும். அவ்விரண்டின் வேலையைச் செய்வதற்கே பொட்டலத்தின் பின்புறத்தில் அந்தச் சிறிய கட்டம் அச்சிடப்பட்டிருக்கிறது. ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து எடுத்துக்கொண்டு, பொட்டலத்தை மூடி வைத்துவிடுவது எவர்க்கும் அரிதன்று.